ஜமோவி: எக்செல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

சராசரி, சின்னச் சின்ன வரைபடம் வரை எக்செலில் ஓட்டிவிடலாம். அனோவா (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது), ரிக்ரஷன் (ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிப்பது) என்று போனதும் மூச்சு வாங்கும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்கினால் கையைக் கடிக்கும், ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் உட்கார்ந்து நிரல் எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால் இப்போதைக்கு ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள்தான். இலவசம், ஓப்பன் சோர்ஸ், உள்ளே ஓடுவதும் ஆர்தான்.

இடப்பக்கம் அட்டவணை, வலப்பக்கம் முடிவுகள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அந்தப் பக்கம் டேபிளும் படமும் தானாகவே மாறிவிடும். இதற்குப் பழகிவிட்டால் வேறெதிலும் கை ஓடாது. கூடவே வரும் மாதிரித் தரவுகளில் டூத் குரோத் என்று ஒன்று இருக்கிறது: 60 கினிப் பன்றிகளுக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என்று வைட்டமின் சி கொடுத்து, ஆரஞ்சுச் சாறாகக் கொடுத்தால் பல் அதிகம் வளர்கிறதா, அஸ்கார்பிக் அமிலமாகக் கொடுத்தாலா என்று பார்த்த சோதனை. பாக்ஸ் பிளாட் (ஒவ்வொரு குழுவின் எண்களும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் பெட்டி வரைபடம்) போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு அளவிலும் சாறு முந்துகிறது, 2 மில்லிகிராமில் இரண்டும் ஏறக்குறைய சமம். மொத்தச் சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

ஃபில்டரும் பிடித்திருக்கிறது, வரிசைகளை அழிக்காமல் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கி மட்டும் வைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஆண் 1, பெண் 2 என்று குறித்திருந்தால் அந்த நெடுவரிசை நாமினலாக (அளவாக இல்லாமல், வெறும் வகைக் குறியாக) இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபைலைச் சேர்க்க ஜேடிரான்ஸ்ஃபார்ம் என்ற மாட்யூலை (கூடுதல் இணைப்பை) தனியாக நிறுவ வேண்டும். லட்சக்கணக்கில் வரிசை உள்ளவர்கள் நேராக ஆர் பக்கமே போய்விடுங்கள்.