இந்தோனேசியாவைப் படிக்க எந்த வழி நல்லது? நான்கு துறைகள், ஓர் ஒப்பீடு

ஒரு நாட்டை ஆராயப் போகிறவர் முதலில் எங்கே போக வேண்டும்? கிராமத்தில் போய்த் தங்குவதா, ஆவணக்காப்பகத்தில் உட்காருவதா, புள்ளிவிவரங்களை அலசுவதா, தலைநகரில் அரசியல்வாதிகளைச் சந்திப்பதா? 'எல்லாமே வேண்டும்' என்பதுதான் பல்கலைக்கழகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. ஆராய்ச்சிக்குக் கிடைப்பது நாலைந்து வருடம். கையில் இருப்பது கொஞ்சம் பணம். எதையாவது முதலில் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே இந்தத் துறைகளைப் போட்டியாளர்களாகவே எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போம்.

இந்த ஒப்பீட்டுக்கு இந்தோனேசியா மிகப் பொருத்தமான நாடு. 17,000க்கும் மேற்பட்ட தீவுகள், 27 கோடிக்கும் அதிகமான மக்கள், எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள். 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மானுடவியல், அரசியல் அறிவியல், பொருளியல், வரலாறு ஆகிய நான்கிலும் பெரிய திறமைசாலிகள் அங்கே வேலை செய்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து மறுத்தார்கள். அதனால் யார் எதைப் பார்த்தார்கள், எதைத் தவறவிட்டார்கள் என்பதை இன்று தெளிவாகவே சொல்ல முடிகிறது.

ஜாவாவின் நெல்வயல்

மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1950களின் தொடக்கத்தில் கிழக்கு ஜாவாவில் பாரே என்ற சிறு நகரத்தில் தங்கினார். நூல்களில் அதற்கு மோஜோகுட்டோ என்று புனைபெயர் வைத்தார். 1963இல் அவர் முன்வைத்த வாதம் இது: 1830 முதல் டச்சு அரசு ஜாவா விவசாயிகளைக் கரும்பு போன்ற ஏற்றுமதிப் பயிர்களை விளைவிக்க வைத்தது. கரும்பும் நெல்லும் ஒரே பாசன நிலத்தை மாறிமாறிப் பயன்படுத்தின. மக்கள்தொகை பெருகப் பெருக, அதே வயலில் இன்னும் அதிகமான கைகள் இறங்கின. இன்னும் கவனமான நாற்று நடவு, இன்னும் கவனமான களையெடுப்பு. விளைச்சலும் கூடியது, அதைப் பங்கிட்டுக்கொள்ள வந்தவர்களும் கூடினார்கள். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பெற்று, வறுமையையும் பகிர்ந்துகொண்டார்கள்.

படிக்கும்போது மனத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும் வாதம். நாட்டின் முழு வேளாண் வரலாறும் ஒரு வயலுக்குள் அடங்கிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், 19ஆம் நூற்றாண்டுக் கிராமத்தைக் கீர்ட்ஸ் நேரில் பார்த்திருக்க முடியாது. அந்தப் பகுதிக்கு அவர் அச்சிட்ட டச்சு நூல்களையும் புள்ளிவிவரங்களையும் நம்பினார். களஆய்வுக்காரர் களம் இல்லாத இடத்தில் பேசினார்.

அடுத்த தலைமுறை அதைச் சோதித்தது. 1970களின் தொடக்கத்தில் பெஞ்சமின் ஒயிட் யோக்யகர்த்தா வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு, வீட்டில் யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று குறித்தார். புல் அறுப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது என்று பிள்ளைகளின் வேலையும் கணக்கில் வந்தது. பகிர்ந்துகொண்ட வறுமை என்ற படம் அங்கே நிற்கவில்லை. நிலம் இல்லாத குடும்பங்கள் அதிக நேரம் உழைத்துக் குறைவாகப் பெற்றன. நிலம் இருந்தவர்கள் அந்த வேலைகளுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை.

அறுவடையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஜாவாவில் நெல்லைப் பெண்கள் அனி-அனி என்ற கத்தியால் அறுத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கத்தி அது. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு கதிர் கதிராகக் கிள்ளி எடுப்பார்கள். அறுவடைக்கு யார் வந்தாலும் தடுக்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். அறுத்ததில் ஒரு பங்கு அறுத்தவருக்கு. அதன் பெயர் பாவோன். தஞ்சையில் அறுவடைக் கூலியை நெல்லாக அளந்து வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1960களின் கடைசியில் குட்டைத் தாள் கொண்ட புதிய நெல் ரகங்கள் வந்தன. அப்புறம் தெபாசான் முறை பரவியது. விளைந்து நிற்கும் பயிரை நில உடைமையாளர் அறுவடைக்கு முன்பே வியாபாரிக்கு விற்றுவிடுவார். வியாபாரி தன் ஆட்களைக் கருக்கரிவாளோடு அழைத்துவருவார். நூறு பெண்கள் கதிர் கிள்ளிய வயலைச் சில ஆண்கள் அறுத்து முடித்தார்கள். ஊராரைத் தடுக்க வேண்டிய சங்கடம் உடைமையாளருக்கு இல்லை, வயல் இப்போது வியாபாரி கையில். பாவோன் கைவிட்டுப் போனது.

இதை 1973இல் எடுத்து எழுதியவர்கள் வில்லியம் கோலியரும் அவருடைய இந்தோனேசியச் சகாக்களும். வெளிவந்தது ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆய்விதழில். இந்தச் சுற்றில் என் ஓட்டு இவர்களுக்குத்தான். தலைநகரில் அமர்ந்து உற்பத்திக் கணக்கை மட்டும் பார்த்த பொருளியலாளருக்கு நெல் கூடியது தெரிந்தது. யாருடைய உரிமை போனது என்பது தெரியவில்லை. பாரேவின் சடங்குகளை அத்தனை நுட்பமாக எழுதிய கீர்ட்ஸுக்குக் கிராமத்துக்குள் இருந்த மேடு பள்ளம் போதிய அளவு தெரியவில்லை. வயலுக்குப் போய் எண்ணிப் பார்த்தவர்களுக்கு இரண்டும் தெரிந்தன.

1965

இரண்டாவது சோதனை கடுமையானது. 1965 அக்டோபர் 1 அதிகாலையில் ஆறு ராணுவத் தளபதிகள் கடத்திக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் நாடெங்கும் வேட்டையாடப்பட்டார்கள். குறைந்தது 5 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. மிக மோசமான இடங்களில் ஒன்று கெடிரி வட்டாரம். பாரே இருப்பதும் அங்கேதான்.

கீர்ட்ஸ் அந்த ஊரின் மதவாழ்வை சந்த்ரி, அபாங்கான், ப்ரியாயி என்று மூன்றாகப் பகுத்திருந்தார். இஸ்லாமிய நெறியில் ஊன்றியவர்கள், பழைய ஜாவானிய வழக்கங்களோடு வாழ்ந்தவர்கள், அதிகாரி குல மேட்டுக்குடியினர். இந்தப் பிளவுகள் கட்சிப் பிளவுகளோடு எப்படி ஒட்டிக்கொண்டன என்றும் காட்டியிருந்தார். அந்தக் கோடுகள் வழியாகவே பிறகு ரத்தம் ஓடியது. ஆனால் அவருடைய புகழ்பெற்ற பாலித் தீவுச் சேவற்சண்டைக் கட்டுரையை எடுத்துப் பாருங்கள். 1958 களஆய்வைக் கொண்டு எழுதி 1972இல் வெளிவந்தது. 1965 டிசம்பரில் இரண்டே வாரங்களில் பாலியில் 40,000 முதல் 80,000 பேர் கொல்லப்பட்டார்கள் என்ற செய்தி அதில் முடிவில் வரும் ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது. அன்று தீவின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம். சேவலுக்கு ஒரு கட்டுரை, மனிதர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு. அர்த்தங்களைத் தேடும் மானுடவியலின் பெரிய பலவீனம் இதுதான் என்று நினைக்கிறேன். நிலைத்திருப்பதை அது அருமையாகப் படிக்கும். அதிகாரம் திடீரென்று பாய்வதைப் பார்க்க அதற்கு வேறொரு கண் வேண்டும்.

அந்தக் கண் அரசியல் அறிவியலாளர்களிடம் இருந்தது. ஜார்ஜ் கஹின் 1954இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நவீன இந்தோனேசியா ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். அவருடைய மாணவர் பெனடிக்ட் ஆண்டர்சனும் ரூத் மெக்வேயும் சேர்ந்து 1966 ஜனவரிக்குள் ஓர் அறிக்கை எழுதினார்கள். நடந்தது கம்யூனிஸ்ட் கட்சியின் சதி என்ற ராணுவத்தின் கதையை அது ஏற்கவில்லை. ராணுவத்துக்குள்ளேயே இருந்த பூசலை முன்னே வைத்தது. பிழைகள் இருக்கலாம்; பின்னால் பலர் திருத்தினார்கள். ஆனாலும் சம்பவம் சுடச்சுட இருந்தபோது, இந்தோனேசியப் பத்திரிகைகளை வரி வரியாகப் படிக்கத் தெரிந்தவர்களால்தான் அதை எழுத முடிந்தது. அதற்கு விலையும் கொடுத்தார்கள். ஆண்டர்சனுக்கு 1972 முதல் அதிபர் சுஹார்த்தோ வீழ்ந்த 1998 வரை நாட்டுக்குள் நுழைய அனுமதி இல்லை. நிகழ்கால அரசியலை ஆராய்வதில் உள்ள ஆபத்து இது: அரசு கோபித்துக்கொண்டால் உங்கள் களமே போய்விடும்.

சரி, அரசியல் அறிவியல் கேட்கும் கேள்விகள் சரியானவையா? இதைப் பற்றி ஒரு நல்ல சண்டை இருக்கிறது. ஹெர்ப் ஃபெய்த் என்ற ஆஸ்திரேலியர் 1951இல் தன்னார்வலராக ஜகார்த்தா போய், உள்ளூர்ச் சம்பளத்தில் தகவல் அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். இந்தோனேசியாவில் அரசியலமைப்பு சார்ந்த ஜனநாயகம் 1950களில் ஏன் சரிந்தது என்று 1962இல் ஒரு பெரிய நூல் எழுதினார். வரலாற்றாய்வாளர் ஹாரி பெண்டா 1964இல் அதை விமர்சித்தார். ஜனநாயகம் ஏன் தோற்றது என்று கேட்பதே தவறு, அது ஏன் பிழைத்திருக்க வேண்டும் என்றல்லவா கேட்க வேண்டும் என்றார். அந்நியமான ஒரு முறை வந்து போயிற்று, நாடு தன் பழைய பாதைக்குத் திரும்புகிறது என்பது அவர் பார்வை.

அடுத்த முப்பது வருடங்களுக்கு பெண்டா சொன்னதே ஆழமான பேச்சாகத் தெரிந்தது. ஆனால் 1955 தேர்தலில் வாக்காளர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வரிசையில் நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1999இல் மறுபடி சுதந்திரமான தேர்தல் வந்தபோதும் திரண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு தேர்தல்கள் நிற்கவில்லை. ஃபெய்த்தின் கேள்வி உயிரோடுதான் இருந்தது. 'இந்த மண்ணுக்கு அது ஒட்டாது' என்று நீண்ட காலத்தைக் காட்டிப் பேசும் வரலாற்றாய்வாளரை நான் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. அடக்குமுறைக்கு அந்தப் பேச்சு நல்ல சாக்காகிவிடுகிறது.

பொருளியலைப் பற்றி ஒரு நியாயமான வார்த்தை சொல்ல வேண்டும். ஹைன்ஸ் ஆர்ன்ட் தலைமையில் அந்த ஆஸ்திரேலிய ஆய்விதழ் தொடங்கியது 1965இல், விலைவாசி தலைகால் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில். 1966இல் பணவீக்கம் 600 விழுக்காட்டைத் தாண்டியது. அரிசி விலை எவ்வளவு, சம்பளத்துக்கு என்ன வாங்கலாம் என்பதை ஒழுங்காகக் குறித்தவர்கள் அவர்கள். அரசுக் கணக்குப்படி 1976இல் மக்களில் சுமார் 40 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். 1996இல் சுமார் 11 விழுக்காட்டினர். கோடிக்கணக்கான பேர் வயிறாரச் சாப்பிட ஆரம்பித்த இந்த மாற்றத்துக்கு மற்ற மூன்று துறைகளும் உரிய இடம் கொடுக்கவில்லை. ஆனால் 1993இல் உலக வங்கி கிழக்காசிய அதிசயங்களின் பட்டியலில் இந்தோனேசியாவைச் சேர்த்தது. ஐந்தே வருடத்தில், டாலருக்கு 2,400 அளவில் இருந்த ருப்பியா 15,000ஐத் தாண்டிச் சரிந்தது. 1998இல் பொருளாதாரம் சுமார் 13 விழுக்காடு சுருங்கியது. அதிபர் குடும்பத்துக்கும் வங்கிகளுக்கும் இருந்த உறவை வளர்ச்சி விகிதத்தில் படிக்க முடியாது.

ஆவணக்காப்பகம்

வரலாற்றின் கையில் இருக்கும் கையிருப்பு மலைக்க வைப்பது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவுகளில் எஞ்சியிருப்பவை சுமார் 2.5 கோடிப் பக்கங்கள். ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை என்று சிதறிக் கிடக்கின்றன. சென்னையில் இருப்பவை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில். அவற்றில் பெரும்பகுதி கொச்சி, மலபார் பற்றியவை.

ஆனால் எழுதிவைத்தவர் யார்? 1934இல் வான் லியூர் என்ற இளம் டச்சு ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்விலேயே இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டார். ஆசியாவின் வரலாறு ஐரோப்பியக் கப்பலின் மேல்தளத்திலிருந்தும் கோட்டை மதிலிலிருந்தும் பார்த்து எழுதப்படுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. 1942இல் ஜாவாக் கடற்போரில் இறந்துபோனார். காலனிய ஆய்வுக்கு இதைவிடக் கொடிய முகமும் உண்டு. சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே மக்களின் மதத்தையும் வாழ்வையும் 1890களில் அற்புதமாக விவரித்த ஸ்னூக் ஹர்க்ரோன்யே, அதே அறிவைக் கொண்டு ஆச்சேப் போரில் டச்சு அரசுக்கு ஆலோசனை சொன்னார்.

பழங்காலத்துக்குப் போனால் நம் எழுத்தும் சாட்சிக்கு வருகிறது. சுமத்ராவின் ஸ்ரீவிஜயம் ஒரு பேரரசு என்பதை ஜார்ஜ் செதேஸ் 1918இல்தான் நிறுவினார். அதற்குமுன் கோட்டா கப்பூர் கல்வெட்டில் வரும் அந்தப் பெயரை ஓர் அரசனின் பெயர் என்று எண்ணினார்கள். சீனப் பதிவுகளையும் உள்ளூர்க் கல்வெட்டையும் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அது நாட்டின் பெயர் என்று உறுதிப்பட்டது. சுமத்ராவின் பாருஸ் பக்கம் 1088இல் ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டிய தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது.

என் தேர்வு

இந்தப் போட்டியில் நான் முதலில் வைப்பது ஓர் இந்தோனேசியரின் வேலையை. சார்த்தோனோ கார்த்தோடிர்ஜோ 1888 ஜூலையில் ஜாவாவின் மேற்கு முனையான பாந்தேனில் நடந்த விவசாயிகள் கிளர்ச்சியை 1966இல் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தார். டச்சு அதிகாரிகள் அதை மதவெறி என்று எழுதி மூடிவிட்டிருந்தார்கள். அவரும் அதே டச்சுக் கோப்புகளைத்தான் படித்தார். வரிச்சுமை, கால்நடைகளைக் கொன்ற கொள்ளைநோய், 1883இல் அந்தக் கரையையே அழித்த கிரகதோவா எரிமலை, சூஃபி குழுக்களின் வலைப்பின்னல், நீதியான அரசன் வருவான் என்ற பழைய நம்பிக்கை எல்லாவற்றையும் அந்த ஒரே கிளர்ச்சியின்மேல் கொண்டுவந்து குவித்தார். அடித்தவர்கள் ஏன் அடித்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. நாட்டைத் துறைவாரியாகக் கூறுபோடாமல், சின்னதாக ஓர் இடத்தையோ சம்பவத்தையோ எடுத்து எல்லாத் துறைகளையும் அங்கே அழைத்துவரும் இந்த வழி எனக்கு மற்ற நான்கையும்விட மேலாகப் படுகிறது. நேரம் பிடிக்கும். ஆனால் ஒருவரே செய்து முடிக்கக் கூடிய அளவு.

இப்போது தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், முதல் வருடத்தை மொழிக்குக் கொடுக்கச் சொல்வேன். இந்தோனேசிய மொழியோடு நின்றுவிடக் கூடாது. ஜாவாவில் வீட்டுப் பேச்சும் வம்பும் ஜாவானிய மொழியில்தான் நடக்கின்றன. கொள்கை வகுக்கும் வேலைக்குப் போக விரும்புகிறவர் கோலியர் வழியில் பொருளியலை எடுக்கட்டும், வயலுக்குப் போவேன் என்ற உறுதியோடு. தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு வரலாறுதான் வசதி. பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில், சோழமண்டலத் துணியைக் கொடுத்துத்தான் தீவுகளில் வாசனைப் பொருள் வாங்கினார்கள். தமிழ், டச்சு, இந்தோனேசியம் மூன்றையும் படிக்கக் கூடிய ஒருவர் அந்தத் துணியை நெய்தவர் வீட்டிலிருந்து உடுத்தியவர் வீடு வரை தொடரலாம். டச்சுக் கையெழுத்தைப் படிக்கப் பழகுவதற்கு எழும்பூரிலேயே தொடங்கிவிடலாம்.