வெள்ளத்தில் தொலைந்த நாய்: சிப்பா, முகநூலா, கழுத்துப் பட்டியா?

மாரியில் மட்டக்களப்பின் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் அக்கரைக்குப் படகுதான். பிள்ளைகளை ஏற்றுவார்கள், உடுப்புப் பையை ஏற்றுவார்கள், நாய் கரையிலேயே நிற்கும். தண்ணீர் வடிந்து நாம் திரும்பும்போது அது எந்த ஊர்க் கோயில் திண்ணையில் படுத்திருக்கிறதோ, யாருக்கும் தெரியாது. அதை வீட்டுக்குக் கொண்டுவர எது உதவும்?

முதலில் மைக்ரோசிப். அரிசிமணி அளவு. ஊசியால் தோலுக்கடியில் வைப்பார்கள். உள்ளே இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான். பற்றரி கிடையாது, நாய் நிற்கும் இடத்தையும் காட்டாது; ஜிபிஎஸ் என்று நம்பி ஏமாறாதீர்கள். படிக்கும் கருவியை உடம்புக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் எண் தெரியும். அந்த எண்ணோடு உங்கள் போன் நம்பரும் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். ஒரு நாய்க்கு இரண்டு பேர் உரிமை கோரினால் இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் வெல்லாவெளியில் வயல் வரம்பில் நாயைக் காணும் கமக்காரரிடம் அந்தக் கருவி ஏது?

முகநூல், வட்ஸ்அப் பதிவு கனடா வரை போய்விடும். அடுத்த ஊரிலோ கரண்ட் இல்லாமல் போன் செத்துக் கிடக்கும். ஆனாலும் போடுங்கள். முகம் மட்டும் தெரியும் படம் போதாது, பக்கவாட்டில் வால் வரை தெரிய வேண்டும். ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்திருங்கள். "நாய் கிடைச்சிட்டு, காசு அனுப்புங்க" என்று யாராவது அழைத்தால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வது ஊருக்குள் நன்றாக வேலை செய்யும். ஊர் எல்லையோடு சரி.

என் தெரிவு கழுத்துப் பட்டிதான். கண்டவர் அந்த இடத்திலேயே வாசித்து அழைக்கலாம், கருவியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். எங்கள் நாய் மணியின் பட்டியில் முதலில் பேனாவால் எழுதினேன்; ஒரே மழையில் நம்பர் நீலக் கறையாகிவிட்டது. அப்புறம் அம்மா சிவப்பு நைலோன் பட்டியில் வெள்ளை நூலால் பத்து இலக்கத்தையும் தைத்துக் கொடுத்தார். சேற்றைத் துடைத்தால் இன்றும் வாசிக்கலாம். உங்கள் நம்பரோடு கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் நம்பரையும் தையுங்கள். இங்கே டவர் வேலை செய்யாவிட்டாலும் அங்கே மணி அடிக்கும். பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்ந்தால் நீந்தும்போது கழன்று போகும். பட்டி கழன்றுபோன நாய்க்குத்தான் சிப் கைகொடுக்கும், வசதி உள்ளவர்கள் இரண்டையும் செய்யலாம்.

பூனைக்குப் பட்டியை நம்ப வேண்டாம், அது அனேகமாகத் தூரம் போகாது. இரவில் சத்தம் அடங்கியதும் வீட்டைச் சுற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

படகில் நாய்க்கும் இடம் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். இல்லை என்றால் பட்டியை விட்டுவிட்டுச் சங்கிலியை மட்டும் கழற்றுங்கள். தண்ணீர் ஏறும்போது மேட்டுக்கு நீந்திப் போக அதற்கு வழி வேண்டும்.