வால்பாறையிலிருந்து வீடியோ டாக்டர்: என் கர்ப்பகால அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீடியோவில் ஸ்கேன் எடுக்க முடியாது. வயிற்றில் கருவி வைக்க ஆள் வேண்டும். பிள்ளையின் உறுப்புகள் சரியாக இருக்கிறதா என்று ஐந்தாம் மாதம் பார்க்கும் டிஃபா ஸ்கேனுக்கு 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொள்ளாச்சிக்குத்தான் போனேன். "கையடக்க மெஷின் வந்துருச்சாமே, நர்ஸம்மா எஸ்டேட் லைன் வீட்டுக்கே கொண்டுவந்தா என்ன?" என்று நாத்தனார் கேட்டார். ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஸ்கேன் கருவியை அப்படி வீடு வீடாகத் தூக்கிப்போக அது விடாது.

பிறகு வீடியோ எதற்கு? ஸ்கேன் முடிந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. இல்லாவிட்டால், ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கம் கேட்க மட்டுமே இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு மலை இறங்கணும்.

ஐந்தாம் மாத ரிப்போர்ட்டில் நஞ்சு, அதாவது பிள்ளையின் நஞ்சுக்கொடி (பிளசன்டா), கர்ப்பப்பை வாய்ப் பக்கம் கீழே இருப்பதாக எழுதியிருந்தது. லைன் முழுக்க ஆளுக்கொரு வைத்தியம். "எழுந்திரிக்கவே கூடாது" என்றார் மாமியார். அரசின் வீடியோ டாக்டர் சேவையான இ-சஞ்சீவனியில் டோக்கன் போட்டு, ரிப்போர்ட்டை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். டாக்டரம்மா பதறவில்லை. கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு நஞ்சு மேலே ஏறிவிடும், 32 வாரத்தில் மறுபடி பார்க்கலாம், படுத்தே கிடக்க வேண்டாம், ஆனால் துளி ரத்தம் பட்டாலும் வீடியோவுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள் என்றார். 32 வாரத்தில் நஞ்சு கர்ப்பப்பை வாயிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தது.

அதே ஸ்கேனில் பிரசவத் தேதி மாறி வந்து வேறொரு குழப்பம். பிள்ளை வளரவில்லையோ என்று வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. மூன்றாம் மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் தரும் தேதி ஒரு வாரம் முன்பின் ஆகலாம், கடைசி மாதங்களில் மூன்று வாரம்கூடத் தள்ளிப்போகும், அதனால் முதல் தேதிதான் கணக்கு என்று விளக்கினார் டாக்டரம்மா. ஆகவே முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அனுப்பும்போது கடைசிப் பத்தியை மட்டும் படமெடுத்துப் போடாதீர்கள். தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம், பனிக்குட நீர் அளவு இருக்கும் பக்கமும் வேண்டும். கருப்புப் படச்சுருளை போனில் எடுத்து அனுப்பிப் பிரயோஜனமில்லை.

குறை என்றால் சிக்னல்தான். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் எஸ்டேட் மேட்டில் ஏறி நின்றால்தான் படம் வரும். போகிற வருகிற ஆம்பளைகளுக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு வெள்ளைப்படுதல் பற்றி எப்படிப் பேசுவது? பாதியை விழுங்கிவிட்டு, மறுநாள் நர்ஸம்மாவிடம்தான் சொன்னேன். தவிர, ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர் வருவார், ஆதியிலிருந்து கதை சொல்லணும். நோட்டில் எழுதிவைத்துப் படித்தேன்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, பிள்ளையின் இதயத்துடிப்பு எல்லாம் நர்ஸம்மா கையில்தான். பிள்ளையின் அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், பனிக்குடம் உடைந்தால் டோக்கன் போட்டு உட்காராதீர்கள். 37 வாரம் ஆனதும் நான் பொள்ளாச்சியில் சித்தி வீட்டுக்கே போய்விட்டேன்.