தாள், யூடியூப், ஷேக், ஊசி, டயட்டீஷியன்: டெல்டாக்காரருக்கு எது சரிப்படும்?

மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது மட்டுமல்ல, அந்த மாத்திரையோடு என்னென்ன சாப்பாட்டு யோசனைகளைக் கலந்துகொள்கிறார் என்பதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கும்பகோணத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர் டாக்டர் கொடுத்த அச்சடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். இன்னொருவர் யூடியூப் பார்த்துவிட்டுச் சோற்றையே விட்டுவிட்டார். ஒரு அம்மா தினமும் காலையில் மாடி ஒன்றில் கூட்டமாக உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் கலக்கிய ஷேக் குடித்துவிட்டு வருகிறார். வசதியுள்ள சிலர் எடை குறைக்க வாரம் ஒரு ஊசி. டயட்டீஷியனை, அதாவது உணவு ஆலோசகரை, பார்த்தவர்கள்தான் குறைவு. "சோறு திங்கறதுக்குக்கூட ஒரு ஆளுக்குக் காசு கொடுக்கணுமா தம்பி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சர்க்கரை, எடை போன்ற தொல்லைகளுக்கு நம் ஆட்கள் தேடும் இந்த ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன் நம் தட்டு. காலையில் இட்லி, மத்தியானம் பொன்னிச் சோறு, ராத்திரி மறுபடி தோசை. மூன்று வேளையும் அரிசிதான், உருவம் மட்டும் மாறுகிறது. நாற்று பறித்து, நட்டு, அறுத்து, களத்துமேட்டில் அடித்த உடம்புக்கு அது தாங்கியது. இப்போது நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின். வேலை போய்விட்டது, சோற்றின் அளவு அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு நம் உடம்பு வாகும் ஒரு மாதிரி: கொஞ்சம் எடை ஏறினாலும் வயிற்றில் போய் உட்காரும். அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23 தாண்டினாலே கூடுதல் எடை, 25 தாண்டினால் உடல்பருமன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது.

சரி, அச்சடித்த தாள். இலவசம், டாக்டர் கையால் வருவது, மோசமும் இல்லை. இப்போதுதான் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, வேறு மாத்திரை எதுவும் இல்லை என்கிறவருக்கு இதுவே போதும். இனிப்பைக் குறை, நட, கீரை சாப்பிடு என்பதற்குமேல் அவருக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் என்னவென்றால் தாளில் 'அரிசி தவிர்க்கவும், சப்பாத்தி' என்று இருக்கும், எத்தனை என்று இருக்காது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64. வித்தியாசம் அவ்வளவுதான். கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நிறைய, அதெல்லாம் உண்மை. ஆனால் ஆறு சப்பாத்தியைக் குருமாவோடு சாப்பிட்டுவிட்டு 'நான் அரிசியைத் தொடுறதே இல்லை' என்கிறவரின் ரிப்போர்ட் மட்டும் எப்படி இறங்கும்? மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி கதையும் இதேதான். தவிடு நீக்காத அரிசி மெதுவாகச் செரிக்கும், நல்லதுதான். ஆனால் கவுனி என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் இரண்டு தட்டுக்கான சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

யூடியூப் டயட்டில் எனக்குப் பயமே உண்டு. மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ, கீட்டோ டயட்டுகள் எடையைக் குறைக்காது என்று சொல்லவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரையும் இறங்கும், சிலருக்கு வேகமாகவே இறங்கும். அங்கேதான் ஆபத்து. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுகிற மருந்து. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்க்காது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு சோற்றை நிறுத்தினால் பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஆள் தடாலென்று விழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் கீட்டோவில் இறங்கினால் வேறு தொல்லை: ரத்தத்தில் அமிலம் கூடும், வாந்தி வரும், மூச்சு வாங்கும். குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. இந்த இரண்டு மாத்திரையும் எங்கள் கடையில் தினமும் போகிறவை. வீடியோவில் பேசுகிறவருக்குப் பார்ப்பவரின் மருந்துச்சீட்டு தெரியாது. விரதமும் அப்படித்தான். புரட்டாசி சனிக்கிழமை, ஏகாதசி, நாகூர்ப் பக்கம் ரம்ஜான் நோன்பு, எல்லாவற்றுக்கும் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் முன்கூட்டியே மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் டயட்டீஷியன். அவர் என்ன செய்கிறார் என்பதை அருகிலிருந்து பார்த்ததுண்டு. உறவில் ஒரு அத்தைக்குத் துணையாகப் போயிருந்தேன். அத்தைக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. டயட்டீஷியன் முதலில் மருந்துச்சீட்டை வாங்கி மேஜைமேல் விரித்தார். "அம்மா, நேத்து காலையில எழுந்ததுல இருந்து வாயில போட்டதெல்லாம் சொல்லுங்க" என்றார். அத்தை இட்லியிலிருந்து ஆரம்பித்தார். "அதுக்கு முன்னாடி காபி?" டிகிரி காபி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, பதினோரு மணிக்கு இன்னொன்று, நாலு மணிக்கு இன்னொன்று. "சோறு எந்தக் கரண்டி? குழிக்கரண்டியா, அன்னக்கரண்டியா? வீட்டில எத்தனை ஆழாக்கு போடுவீங்க, எத்தனை பேர்?" ராத்திரிச் சாப்பாடு சீரியல் முடிந்து ஒன்பதரைக்கு மேல் என்பதும், மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனசு வராமல் இவரே சாப்பிட்டுவிடுவார் என்பதும் அங்கே வெளிவந்தது. எந்தத் தாளும் இதைக் கேட்டிருக்காது.

கடைசியில் அவர் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. மத்தியானம் இரண்டு குழிக்கரண்டி, அதே அளவுக்குக் காய், கூடவே ஒரு கிண்ணம் பயறோ சுண்டலோ. முதலில் காய், பருப்பு, அப்புறம் சோறு. ராத்திரி ஏழரைக்குள் சாப்பாடு. முட்டை சாப்பிடுவீர்களா என்று கேட்டு, ஆமாம் என்றதும் காலையில் ஒன்று. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பல வருஷமாகப் போகிறது என்பதைப் பார்த்து, அது பி12 வைட்டமினைக் குறைக்கலாம் என்பதால், அந்த வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டோடு மறுபடி வரச் சொன்னார்.

புரதம் பற்றி ஒரு வார்த்தை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். சோறு, ரசம், மோர், கொஞ்சம் கூட்டு என்றால் பாதி தேறுவதே கஷ்டம். இத்தனைக்கும் நம் ஊரில் சம்பா அறுப்புக்கு முந்தியே தெளிக்கிற உளுந்தும் பயறும் 100 கிராமுக்கு 22, 23 கிராம் புரதம் தருபவை. மாசி, பங்குனியில் மூட்டை கட்டி வியாபாரிக்கு ஏற்றிவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குகிறோம். நானே விற்கிறேன், வேறென்ன சொல்ல.

ஷேக்கைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டுமென்றால் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் டைரெக்ட் என்ற ஆய்வு, 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம் நாளைக்குச் சுமார் 850 கலோரியில் ஷேக்கும் சூப்பும் மட்டும். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை, நோய் எல்லைக்குக் கீழே இறங்கியது. ஆக, ஷேக்கால் முடியும்! ஆனால் அங்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை முதல் நாளே முறைப்படி நிறுத்தினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸோ டயட்டீஷியனோ கூடவே இருந்து, பிறகு சாதாரணச் சாப்பாட்டைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்படியும் இரண்டாம் வருஷத்தில் அந்த எண்ணிக்கை 36 சதவீதமாக இறங்கியது. மாடியில் ஷேக் கலக்கித் தருகிறவரிடம் பவுடர் இருக்கிறது, மற்றது எதுவும் இல்லை. டப்பா தீர்ந்த மாதம் எடை பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

ஊசி அப்படியில்லை, அது நிஜமான மருந்து. செமாகுளுடைடு என்ற ஊசி போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தார்கள் என்று 2021இல் வந்த ஆய்வு சொன்னது. டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசியில் அதைவிடக் கூடுதல். 2025இல் இரண்டும் எடைக்குறைப்புக்காகவும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. எடை மிக அதிகமாகி, சர்க்கரையும் தூக்கத்தில் மூச்சுத்திணறலும் சேர்ந்தவருக்கு டயட்டீஷியன் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததும் அதே ஆய்வின் தொடர்ச்சியில் தெரிந்தது. பசி போய்விடுவதால் இரண்டு வாய் ரசஞ்சாதத்தோடு எழுந்துவிடுகிறார்கள். கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. ஊசி போடுகிறவருக்கு டயட்டீஷியன் கூடுதலாகத்தான் தேவை.

ஹார்மோன் விஷயத்தில் இரண்டு வேறு பதில்கள். தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் 'தைராய்டு டயட்' என்று யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி; கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. இதை நாங்களே கவுண்டரில் சொல்லிவிடுவோம். வேகவைத்த முட்டைக்கோஸுக்குப் பயப்படத் தேவையில்லை.

பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, அப்படி முடிவதில்லை. மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களிடம் ஆளுக்கொரு வைத்தியம் இருக்கும். உளுந்தங்களி நல்ல சாப்பாடு, அதில் சந்தேகமில்லை. அதில் எவ்வளவு வெல்லம் போடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டி, பிசிஓஎஸ்ஸுக்கு இந்த டயட்தான் உசத்தி என்று எதையும் சொல்ல ஆதாரமில்லை என்கிறது. எடை கூடியிருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி ஒழுங்குக்கு வருகிறது. 80 கிலோ என்றால் 4 கிலோவிலிருந்து 8 கிலோ. எது அந்தப் பெண்ணால் வருஷக்கணக்கில் சாப்பிட முடியுமோ அதுதான் அவளுக்கான டயட். ஹாஸ்டல் சாப்பாட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்து பேசும் ஆள் இங்கே ஜெயிக்கிறார். பெண் ஒல்லியாக இருந்தால் எடைக்குறைப்புப் பேச்சே கூடாது. அதையும் அவர்தான் பிரித்துச் சொல்வார்.

சிறுநீரகம் என்று வந்துவிட்டால் ஒப்பீடே வேண்டாம். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி என்றால் வாழை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்றால் தென்னை. கிட்னிக்கு நல்லது என்று சொந்தக்காரர்கள் வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கல் இருப்பவருக்கு நிறையத் தண்ணீர் குடிப்பது உதவலாம். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து பொட்டாசியம் ஏறிக்கிடப்பவருக்கு அந்த இளநீர் இதயத்துடிப்பையே குலைக்கக்கூடியது. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று 'லோ சோடியம்' உப்பு வாங்குவார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதே பொட்டாசியம்தான். சிறுநீரகத்துக்கு மாத்திரை வாங்குகிறவர் அந்தப் பாக்கெட்டை எடுத்தால் நான் கேட்காமல் விடுவதில்லை.

புரதத்திலும் குழப்பம். டயாலிசிஸ் தொடங்காதவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை என்று குறைப்பார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் 1 முதல் 1.2 கிராம் வரை ஏற்ற வேண்டும். அதே மனிதர், அதே நோய், கணக்கு தலைகீழ். முன்பு வேண்டாம் என்ற முட்டை வெள்ளைக்கருவை இப்போது கட்டாயம் சாப்பிடச் சொல்வார்கள். இது தெரியாமல் டயாலிசிஸுக்குப் பிறகும் வெறும் கஞ்சியில் கிடந்து மெலிகிறவர்கள் இருக்கிறார்கள். காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டுவது; ரசம், மோர், காபி எல்லாமே அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பது; கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஏன் கூடாது என்பது. இதையெல்லாம் ரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டே போக வேண்டும். இங்கே டயட்டீஷியனைத் தவிர்ப்பது சிக்கனமே இல்லை.

எல்லா டயட்டீஷியனும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் பெயரை மட்டும் மாற்றி ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்று அச்சடித்துத் தருகிறவரும் இருக்கிறார். ரேஷன் அரிசி, மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் பாமாயிலில் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தத் தாள் எதற்கு? மருந்துச்சீட்டைக் கேட்காமல் டயட் எழுதுகிறவர், தானே பவுடர் விற்கிறவர், மாதம் பத்து கிலோ குறையும் என்று சொல்கிறவர், இந்த மூவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடலாம். உணவியலில் முறையாகப் படித்தவரா, பெயருக்குப் பின்னால் ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) பதிவு இருக்கிறதா, மருத்துவமனையில் வேலை பார்த்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். இன்னொரு குறை தூரம். பெரிய மருத்துவமனை இருக்கும் ஊர்களில்தான் இவர்கள் கிடைக்கிறார்கள். வலங்கைமான், பேரளம் பக்கத்திலிருந்து பஸ் ஏறித்தான் வர வேண்டும். முதல் தடவை நேரில் பார்த்துவிட்டு, பிறகு தட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறவராக இருந்தால் அந்த அலைச்சல் பாதி மிச்சம்.

போகும்போது பழைய, புதிய மருந்துச்சீட்டுகள், கடைசி ரத்தப் பரிசோதனை, நாட்டுமருந்து எதுவும் சாப்பிட்டால் அந்தப் பொட்டலம், எல்லாம் கையில் இருக்கட்டும். அப்புறம், வீட்டில் சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அத்தையோடு போயிருந்த அன்று எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் தனியாக வந்திருந்தார். "ஐயா, மாசத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குவீங்க?" என்று கேட்டதற்கு மேலே ஃபேனைப் பார்த்தார். கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்க, மீதி முக்கால் மணி நேரமும் டயட்டீஷியன் பேசியது அந்தம்மாவோடுதான்.