மே வெயிலில் ஏற்காடு: பழைய எம்ஜிபியோடு என் அனுபவம்

பெங்களூருவில் 1970களின் எம்ஜிபி, அதாவது கூரை மடக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பல வருஷமாக வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மே மாதத்தில் இதை எடுத்துக்கொண்டு சேலம் பக்கம் போக முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் காசைக் கொட்டுவதற்கு முன்னால் ரேடியேட்டரையும் பெட்ரோல் குழாயையும் சரிசெய்திருக்க வேண்டும்.

கோடையானால் மூன்று வண்டிகளாகக் கிளம்பிவிடுவோம். என்னுடையது, ஒரு நண்பனின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு (பிரிட்டிஷ் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம்), இன்னொருவனின் சான் ஸ்டார்ம் என்ற இந்திய ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சேஸிஸே (அடிச்சட்டமே) ஹெரால்டிலிருந்து வந்ததுதான், இரண்டையும் வரைந்தவரும் ஒருவரே, இத்தாலியின் மிக்கெலொட்டி. சான் ஸ்டார்ம் ஃபைபர் பாடி, ரெனோ இன்ஜின், மூன்றில் இளையது. அதற்கு இதுவரை பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை.

எம்ஜிபியை நம் ஊரில் வைத்துச் சமாளிக்க முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. இதன் 1798 சிசி இன்ஜின் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ் வகை. பழைய அம்பாசிடரில் இருந்த 1489 சிசி இன்ஜினும் அதே வகைதான். சிவாஜிநகரில் அம்பாசிடர் வேலை பார்த்தே வயதான ஒரு பாய் இருக்கிறார். முதல் தடவை பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம அம்பாசிடருக்குப் பெரியண்ணன், விட்டுட்டுப் போங்க" என்றார். அன்றிலிருந்து டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட், கார்ப்பரேட்டர் ட்யூனிங் எல்லாம் அவர் காதால்தான். அதற்காக எல்லாச் சாமானும் மாறிப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். கிராங்க் ஷாஃப்ட் வேறு, 1964 கடைசியிலிருந்து எம்ஜிபியில் அதைத் தாங்குவது ஐந்து மெயின் பேரிங்.

விடிகாலை நாலு மணிக்கே எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறிவிட வேண்டும். அத்திப்பள்ளியில் லாரி வரிசைக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தால் டெம்பரேச்சர் முள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கூடுதலாக ஒரு எலக்ட்ரிக் ஃபேன் போட்ட பிறகு அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. ஓசூர் தாண்டி ரோடு விரிந்ததும் நாலாவது கியரில் ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டுவேன், அதே வேகத்துக்கு இன்ஜின் மெதுவாகச் சுற்றும், சத்தம் சட்டென்று ஒரு படி இறங்கும். கூரை மடக்கியிருக்கும், காற்றில் இன்னும் குளிர் இருக்கும், கண்ணாடியில் ஹெரால்டின் இரண்டு விளக்குகள் பின்னாலேயே வரும். இந்த வண்டிக்காக இத்தனை செலவு செய்ததெல்லாம் அந்த நேரத்துக்குத்தான். கிருஷ்ணகிரியில் டிபன், அப்புறம் தர்மபுரி, தொப்பூர். தொப்பூர் இறக்கத்தில் மட்டும் லாரிகளுக்கு நிறைய இடம் விட்டு இறங்குங்கள், பழைய பிரேக்கை நம்பி அங்கே அவசரப்படக் கூடாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். செகண்ட் கியரிலேயே ஏறிவிடும், பவர் ஸ்டீயரிங் இல்லாததால் தோள் வலிக்கும், ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் ரோடு எப்படி இருக்கிறது என்று கைக்குத் தெரியும்.

திரும்பி வரும்போதுதான் வெயில் தன் வேலையைக் காட்டும். போன கோடையில் தர்மபுரி தாண்டி உச்சி வெயிலில் ஹெரால்டு இருமி இருமி நின்றுவிட்டது.

"மச்சி, பம்ப் மேல கையே வைக்க முடியலடா."

"துண்ட நனைச்சு அது மேல போடு. வா, டீ குடிச்சிட்டு வரலாம்."

அதில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே ஒட்டி இருக்கிறது. சூட்டில் உள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. எம்ஜிபியில் பம்ப் எலக்ட்ரிக், பின்னால் சூடு படாத இடத்தில் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து, கார்ப்பரேட்டர் நிறைந்ததும் அடங்கும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். 20 சதவீத எத்தனால் வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்கள் உள்ளுக்குள் உப்பிப் பிசுபிசுவென்று ஆகிவிட்டன, எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள், கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து.

எம்ஜிபி வாங்க நினைப்பவர்கள் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியைக் காந்தம் வைத்துப் பாருங்கள். இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, பலமே அங்கேதான். துருவை மறைத்துப் புட்டி அப்பியிருந்தால் காந்தம் ஒட்டாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 50 வருஷம் தாண்டிய வண்டி என்றால் 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், ஆனால் அதை வாங்கிவிட்டால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரி சிலவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்க முடியும். எங்களை மாதிரி ஊர் சுற்ற நினைப்பவர்களுக்கு அது சரிவராது.

அடுத்த கோடையில் கொல்லிமலை, 70 வளைவு. அதற்குள் ஹெரால்டுக்கும் பின்னால் ஒரு எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிட வேண்டும் என்று நண்பனிடம் சொல்லியாயிற்று, பாயும் சரி என்றுவிட்டார்.