வில்லியம் மார்ஷலின் கல்லுருவத்தருகே ஓர் ஒலிவழிகாட்டி

லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் வட்டக்கூடத்தில் தரையில் கிடக்கும் வீரர்களின் கல்லுருவங்களுள் ஒன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆங்கிலேய வீரரும் பெம்புரோக் பிரபுவுமான வில்லியம் மார்ஷலுடையது எனக் கொள்ளப்படுகிறது. 1941 மே 10 இரவில் விழுந்த குண்டுகளால் கூரை எரிந்து இவ்வுருவங்கள் சிதைந்துபோனதால், கல்லை மட்டும் பார்த்து ஆளை அறிவது கடினம். ஆகவே, தனியார் நிறுவனம் ஒன்று விற்கும் கைப்பேசி ஒலிவழிகாட்டியை வாங்கி, அங்கேயே நின்று முழுவதும் கேட்டேன்.

இளமைக்காலப் பகுதிகள் மிக நன்றாக அமைந்துள்ளன. அக்காலப் போர்ப்போட்டி என்பது வேலிக்குள் இருவர் மோதும் விளையாட்டன்று, வயல்வெளிகளில் கூட்டங்கூட்டமாக மோதி, பிடிபட்டவனிடம் குதிரையையும் மீட்புப்பணத்தையும் பறிக்கும் தொழில் என்பதையும், நிலமில்லாத இளைய மகனான மார்ஷல் அதில்தான் பொருள் சேர்த்தார் என்பதையும் தெளிவாகச் சொல்கிறார்கள். புளூர் என்னும் ஊரில் பரிசு கொடுக்க அவரைத் தேடியபோது, அடிபட்டு நெளிந்த தலைக்கவசத்தைக் கழற்ற முடியாமல், கொல்லன் பட்டறையில் பட்டடைக் கல்மேல் தலையை வைத்துக் கிடந்தாராம். பின்னணியில் சுத்தியல் ஓசை கேட்கையில் நம் காதே வலிக்கிறது. 1152இல், சிறுவன் வில்லியமைப் பிணையாக வைத்திருந்த ஸ்டீபன் மன்னர் அவனைக் கொல்வதாக மிரட்டியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்கத் தன்னிடம் சுத்தியலும் பட்டடையும் உண்டு என்று அவன் தந்தை பதில் அனுப்பிய கதையும் முதல் பகுதியிலேயே வருகிறது. இரண்டு பட்டடைகளையும் இணைத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

என் பெரிய மனக்குறை வேறு. இக்கதைகள் மார்ஷல் இறந்தபின் அவருடைய மூத்த மகன் முயற்சியில் பிரெஞ்சு மொழியில் பாடப்பட்ட நெடும்பாடலிலிருந்து வந்தவை. ஒருவகையில் குடும்பத்தார் எழுதுவித்த மெய்க்கீர்த்தி. அதை ஓரிடத்திலும் சொல்லாமல், நேரில் கண்ட செய்திபோலப் படிக்கிறார்கள். 1217 மே 20 அன்று லிங்கன் நகரில், ஏறத்தாழ எழுபது வயதில், இங்கிலாந்தின் அரியணையைப் பறிக்க வந்த பிரெஞ்சுப் படையையும் அதனுடன் சேர்ந்த கிளர்ச்சிப் பிரபுக்களையும் அவர் முறியடித்ததை உணர்ச்சி பொங்கச் சொல்பவர்கள், வென்ற படை அந்நகரையே சூறையாடியதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நிக்கோலா டெ லா ஹே என்ற பெண்மணி கோட்டையை முற்றுகைக்கு எதிராகக் காத்து நின்றிராவிட்டால் அந்த வெற்றியே இல்லை. அவருக்கு ஒரே வாக்கியம். ஒன்பது வயது மூன்றாம் ஹென்றிக்காக ஆட்சிப் பொறுப்பேற்ற மார்ஷல், ஜான் மன்னர் கைவிட்ட, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவை 1216 நவம்பரில் திருத்தி மீண்டும் வெளியிட்டது, என் கணக்கில், அவருடைய எல்லாச் சண்டைகளையும்விடப் பெரிய செயல். அதையும் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள்.

ஆயினும் இறுதிப் பகுதிக்காகவே இதை வாங்கலாம். 1219இல் காவர்ஷமில் மரணப்படுக்கையில் இருந்தவரிடம், வீரர்களுக்கென வைத்திருந்த மென்மயிர் ஆடைகளை விற்று ஆன்ம நலத்துக்குச் செலவிடலாம் என்று எழுத்தர் ஒருவர் யோசனை கூற, அவர் சினந்து, அவற்றைத் தம் வீரர்களுக்கே கொடுக்கச் சொன்ன காட்சி அது. அதுவரை ஓயாமல் ஒலித்த முரசும் கொம்பும் அந்த ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. வாசிப்பவரின் குரல் மட்டும் கேட்கிறது.