பாம் ஷ்ரைவரின் அகலத் தலை ராக்கெட்: பழைய பிரின்ஸ் 110 இன்றைக்கும் தேறுமா?

அலுமினியச் சட்டம், 27 அங்குல நீளம், 110 சதுர அங்குலத் தலை, அதாவது ஸ்ட்ரிங் கட்டிய பரப்பு. அந்தக் காலத்து மர டென்னிஸ் ராக்கெட்டுகளின் தலை 70 சதுர அங்குலத்தை ஒட்டித்தான் இருந்தது. 1976-ல் பிரின்ஸ் நிறுவனத்தின் ஹோவர்ட் ஹெட் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, வாரக்கடைசி ஆட்டக்காரர்களுக்கான சாமான் என்றே பலரும் ஒதுக்கினார்கள். 1978 அமெரிக்க ஓப்பனில் அந்தப் பேச்சு அடிபட்டுப்போனது. 16 வயது அமெரிக்க வீராங்கனை பாம் ஷ்ரைவர் இந்த அகலத் தலையோடு வந்து, அந்த ஆண்டின் விம்பிள்டன் சாம்பியன் மார்ட்டினா நவரத்திலோவாவை அரையிறுதியில் 7-6, 7-6 என்று வீழ்த்தினார். இறுதியில் கிறிஸ் எவர்ட்டிடம் 5-7, 4-6 என்று தோற்றார்.

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்கு அவர் மறுபடி வரவேயில்லை. அவர் கொடிகட்டிப் பறந்தது இரட்டையரில். 1981 விம்பிள்டன் முதல் 1989 ஆஸ்திரேலிய ஓப்பன் வரை நவரத்திலோவாவோடு 20 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். அதில் 1984-ல் நான்கும் ஒரே ஆண்டில். 1983-ல் தொடங்கிய தொடர் வெற்றி 109 ஆட்டம் ஓடி, 1985 விம்பிள்டன் இறுதியில் கேத்தி ஜோர்டன்–லிஸ் ஸ்மைலி ஜோடியிடம் நின்றது. நவரத்திலோவா பக்கத்தில் இருந்தால் யாரும் ஜெயிப்பார்கள் என்பவர்களுக்கு சியோல் 1988 இருக்கிறது: ஸீனா காரிசனோடு ஒலிம்பிக் தங்கம், கடைசி செட் 10-8. 1991 அமெரிக்க ஓப்பனில் நடாஷா ஸ்வெரேவாவோடு இன்னொரு கிராண்ட் ஸ்லாம் பட்டம்.

அவர் ஆட்டத்துக்கும் இந்தத் தலைக்கும் பொருத்தம் எங்கே? ஆறடி உயரம், சர்வ் போட்டதும் வலைக்கு ஓட்டம், பந்தின் அடியைச் சீவும் ஸ்லைஸ். வலையருகே பந்து உடம்புக்கு நேராக வரும். தலையின் நடுவில் வாங்க நேரமிருக்காது. சிறிய தலையில் ஓரத்தில் பட்டால் ராக்கெட் கைக்குள் திருகிக்கொள்ளும், வாலி (பந்து தரையில் படும் முன் அடிப்பது) வலையில் விழும். திருகலுக்கு எதிர்ப்பு, எடை ராக்கெட்டின் நீளவாக்கு நடு அச்சிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அந்தத் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். அதனால் அகலத்தைக் கொஞ்சம் கூட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். வீசாமல் தடுத்து அடிக்கும் பிளாக் வாலிக்கும், ரிட்டர்னைச் சும்மா தடுத்துப் போடுவதற்கும் இது இன்றும் அருமையான ராக்கெட்.

பின்கோட்டிலிருந்து ஓங்கிச் சுழற்றுபவர்கள் கிட்டவே போக வேண்டாம். சட்டம் நெகிழும், வேகமான வீச்சில் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. 300 கிராம் கிராஃபைட்டுக்குப் பழகிய மணிக்கட்டுக்குக் கனமாகவும் இருக்கும்.

பழையதாக வாங்கும்போது முதலில் சட்டத்தைக் கண்ணாடி மேசையில் படுக்க வையுங்கள். ஒரு பக்கம் ஆடினால் சட்டம் திருகியிருக்கிறது, வேண்டாம். அலுமினியம் கிராஃபைட் போல விரிசல் காட்டாது. வளைந்தால் வளைந்ததுதான், நிமிர்த்தினால் அந்த இடம் பலவீனமாகும். அடுத்து கழுத்தில் உள்ள பிளாஸ்டிக் பாலத்தை விரலால் அழுத்துங்கள். 'கிரீச்' என்றால் அது தளர்ந்துவிட்டது, அடி வாங்கும்போதெல்லாம் அதிரும். கிரோமெட்டுகள் (ஸ்ட்ரிங் துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் உறைகள்) வெயிலில் நொறுங்கிப்போயிருக்கும். உடைந்ததை அப்படியே விட்டு ஸ்ட்ரிங் போட்டால் துளையின் உலோக விளிம்பு அதை அறுத்துவிடும். பழைய மாடலுக்கு மாற்றுக் கிரோமெட் தேடி அலைய வேண்டாம், துளைக்குள் சிறு நைலான் குழாய்த் துண்டு வைத்தால் போதும்.

ஸ்ட்ரிங் விஷயத்தில்தான் பெரும்பாலும் கெடுக்கிறார்கள். தலை பெரிதானால் ஸ்ட்ரிங் நீளம், நீளமானால் அதே இழுவிசையிலும் தொய்வாக நடந்துகொள்ளும். 95 சதுர அங்குலத் தலைக்குப் போடும் 52 பவுண்டை இதற்கும் போட்டால் வாலி பின்கோட்டைத் தாண்டும். 1.30 மி.மீ. மென்மையான நைலான், 60 பவுண்டை ஒட்டிய இழுவிசை வைத்துத் தொடங்குங்கள். பந்து நீளமாகப் போனால் இரண்டு பவுண்ட் ஏற்றுங்கள். பாலியெஸ்டர் வேண்டாம், நெகிழும் சட்டத்தில் அதற்கு வேலையில்லை, முழங்கைதான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இழுக்கும் இயந்திரத்தில் சட்டத்தை ஆறு இடத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் மட்டும் பிடித்தால் இந்த அகலம் தாங்காமல் முட்டை வடிவம் கோணும்.

கிரிப் தோல் காய்ந்து வழுக்கும், பழையதை உரித்துவிட்டுப் புதியது சுற்றுங்கள். கிளப் இரட்டையரில் வலைக்கு ஓடுபவர்கள் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் வாங்கலாம். மற்றவர்கள் 100 தலை கிராஃபைட் எடுத்துக்கொள்வது மேல்.